கோதுமையும் பாலும் சேராத அடை: நம் கடைச் சல்லடை சொல்லும் பாடம்



வியாபாரிகள் சங்கப் பத்திரிகையில் சமையல் குறிப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். குறிப்பு பின்னால் வருகிறது. அதற்கு முன் எங்கள் கல்லாப்பெட்டிக்கு எதிரே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம். அது எங்களைத் தலைகுனிய வைத்த சம்பவம். ஆனாலும் மற்ற கடைக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் உள்ள எங்கள் கடைக்கு, ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்கள்தான் மாலை நேர வியாபாரம். அவர்களில் வடமாநிலத்துக்காரர் ஒருவர். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவர். தமிழும் ஓரளவு பழகிவிட்டார். வாரம் தவறாமல் ஒரு கிலோ ராகி மாவு வாங்குவார். ‘சப்பாத்தி சாப்பிடுகிறவர் வீட்டில் இவ்வளவு ராகியா’ என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டதும் உண்டு.

ஒரு நாள் அவர் பாதி தீர்ந்த மாவுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்த மாவுல கோதுமை ஏதாவது சேர்ந்திருக்குமா?” என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. “இருபது வருஷமா கடை நடத்துறோம் சார். கலப்படம் பண்ணிப் பிழைக்கிற வழக்கம் இங்கே கிடையாது. நம்பிக்கை இல்லேன்னா வேற கடை பாருங்க” என்று சொல்லிவிட்டோம்.

அவர் கோபப்படவில்லை. தம் மகளுக்கு ஏழு வயது என்றும், கோதுமை ஒரு துளிகூட ஒத்துக்கொள்ளாத நோய் என்றும், டாக்டர் சொன்னபடி ஒரு வருடமாக ராகியும் அரிசியும்தான் கொடுத்து வருவதாகவும் சொன்னார். நன்றாகத் தேறி வந்த குழந்தைக்கு மறுபடி வயிற்றுப்போக்கும் வலியும் வந்துவிட்டதாம். “வீட்டுல எல்லாம் பார்த்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

அன்று இரவு கடையை மூடிய பின் நாங்களே மாவு மில்லுக்குப் போய்ப் பார்த்தோம். எங்கள் ராகிக்கு முன்னால் யாரோ ஒருவரின் கோதுமை அரைபட்டுக்கொண்டிருந்தது. அது முடிந்ததும், அதே தொட்டியில், அதே கல்லில் ராகியைக் கொட்டினார்கள். முதலில் விழுந்த இரண்டு மூன்று கிலோ மாவின் நிறமே வெளிறியிருந்தது. கடைக்குத் திரும்பி வந்து பார்த்தால், மைதா டப்பாவில் இருந்த கரண்டியைத்தான் எங்கள் பையன் ராகி மாவுக்கும் போட்டுக்கொண்டிருந்தான்.

யாரும் கலக்கவில்லை. ஆனாலும் கலந்திருந்தது. அந்தக் குழந்தைக்கு மறுபடி நோய் வந்ததற்கு எங்கள் மாவுதான் முழுக் காரணமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ‘இது எங்கள் மாவால் அல்ல’ என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது.

கோதுமை ஏன் சிலருக்கு ஆகாது?

அந்தக் குழந்தைக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசையும்போது இழுத்தால் இழுத்த பக்கம் வருகிறதே, அந்தப் பசைத்தன்மையைத் தருவது அதுதான். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சீலியாக் உள்ளவர்கள் உடலில் குளூட்டன் சேர்ந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைத்துவிடுகிறது. சாப்பிட்ட சத்து உடலில் ஒட்டாது. குழந்தைகள் வளராமல் நின்றுவிடுவார்கள். இரத்தசோகை, எலும்புத் தேய்வு எல்லாம் வரும். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றே வழி. அதுவும் ஆயுள் முழுவதும்.

இதைக் கண்டறிந்த வரலாறும் பஞ்சத்தோடு சேர்ந்தது. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930-களிலிருந்தே கோதுமை மீது சந்தேகம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டிக்கே வழியில்லாத கடும் பஞ்சம் வந்தது. மற்றக் குழந்தைகள் வாடியபோது இந்த நோய் கண்ட குழந்தைகள் தேறினார்கள். பஞ்சம் தீர்ந்து ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. 1950-ல் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட பின்னரே உலகம் இதை ஒப்புக்கொண்டது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ‘குளூட்டன் இல்லாதது’ என்பது இப்போது ஒரு நாகரிகமாகவும் ஆகியிருக்கிறது. நோய் இல்லாதவர்கள் கோதுமையை விட வேண்டிய அவசியம் இல்லை. சந்தேகம் உள்ளவர்களும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகக்கூடாது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையில்தான் நோய் சரியாகத் தெரியும். கடைக்காரர் வைத்தியர் ஆக வேண்டாம். வைத்தியர் சொன்னதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

நம் எல்லைப் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியாயிற்று. வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும் தெற்கே நூற்றுக்கு 0.10 பேருக்கும் இந்த நோய் இருப்பதாக அது கண்டது. அதாவது வடக்கே ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேர், நம் பக்கம் ஆயிரத்துக்கு ஒருவர். அந்த மக்கள் தினமும் உண்ணும் கோதுமையின் அளவிலும் இதே போலப் பெரிய வித்தியாசம் இருந்தது.

நம் ஓசூரை இப்போது எண்ணிப் பாருங்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பின்னால் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் வந்தன. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். முன்பு அரிசி, ராகி, கொள்ளு விற்ற கடைகளில் இன்று ஆட்டா மூட்டைதான் முன்வரிசையில் நிற்கிறது. கோதுமை அதிகம் விற்கும் ஊரில், கோதுமை ஆகாதவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். நம் மக்களும் பரோட்டா, பிஸ்கட், பிரட் என்று முன்னைவிட அதிகமாகக் கோதுமை சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அதே சமயம், கோதுமை ஆகாதவர்களுக்கு வேண்டிய தானியம் நம் காலடியிலேயே விளைகிறது. தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், அஞ்செட்டி, சூளகிரி வட்டாரங்களின் மானாவாரிக் காடுகளில் ராகிதான் பழைய பயிர். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்ற ராகி ரகங்களையே தந்திருக்கிறது. எல்லையைத் தாண்டினால் கர்நாடகம்; நாட்டிலேயே அதிகம் ராகி விளைவிக்கும் மாநிலம். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி என்று மூன்று மொழிக்காரர்களும் ஒரே உருண்டையைச் சாப்பிட்ட ஊர் இது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டமும் வந்தது. ஆக, சரக்குக்குப் பஞ்சம் இல்லை. அந்தச் சரக்கு சுத்தமாக வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

கால் கிராம் கணக்கு

‘கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தால் என்ன ஆகிவிடும்’ என்று நாமெல்லாம் நினைக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட்டு விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு குளூட்டன். ஒரு கிராம் கோதுமை மாவில் 80 முதல் 100 மில்லிகிராம் என்று ஆகிறது. அப்படியானால் ஒரு கிலோ ராகி மாவில் கால் கிராம் கோதுமை மாவு விழுந்தாலே அந்த எல்லை வந்துவிடும்.

கால் கிராம் என்பது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. மைதா டப்பாவிலிருந்து எடுத்த கரண்டியின் முதுகில் ஒட்டியிருப்பது அதைவிட அதிகம். நம் தராசு காட்டாத எடை அது. ஆனால் அந்தக் குழந்தையின் குடல் காட்டிவிடும்.

ஓட்ஸா, ராகியா?

இப்போது ஓட்ஸ் பாக்கெட்டுகள் நம் கடைகளில் நன்றாக ஓடுகின்றன. ஓட்ஸை அரைத்து, முட்டையோ மைதாவோ பாலோ சேர்க்காமல், தடித்த இனிப்பு தோசை போலச் சுட்டுச் சாப்பிடுவதைப் பலர் கற்றுக்கொண்டு வந்து சாமான் கேட்கிறார்கள். ஆங்கிலக்காரர் பேன்கேக் என்று சொல்வது இதைத்தான்.

ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் இயற்கையில் கிடையாது. ஆனால் வயலிலும் அறுவடை இயந்திரத்திலும் கிடங்கிலும் கோதுமை, பார்லியோடு அது சுலபமாகக் கலந்துவிடுகிறது. ஓட்ஸ் மணியும் கோதுமை மணியும் பருமனில் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் பிரித்தெடுப்பது கடினம். அவல் போல நசுக்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்ட பிறகு நாம் பிரிக்கவே முடியாது. எனவே சாதாரண ஓட்ஸ் பாக்கெட்டைச் சீலியாக் நோயாளிக்கு ‘தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று கொடுக்கக் கூடாது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டிருக்கும் ஓட்ஸ்தான் வேண்டும். சுத்தமான ஓட்ஸே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், அதையும் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

ராகியின் கதை வேறு. ராகி மணி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு உருண்டை. கோதுமை மணி அதைப் போலப் பல மடங்கு பெரியது. 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கொட்டிச் சலித்தால் ராகி கீழே விழும். முழுக் கோதுமை மேலே நின்றுவிடும். உடைந்த குருணை தப்பி விழுந்தால் முறத்தில் பொறுக்கிவிடலாம். சாக்கில் ஒட்டியிருந்த மாவுத்தூசு, அரிசி களைவது போல நாலைந்து தண்ணீர் விட்டு அரித்தால் போய்விடும். ஓட்ஸ் வாங்குபவர் ஆலைக்காரரை நம்ப வேண்டும். ராகியை மணியாக வாங்குபவர் தம் கையையும் சல்லடையையும் நம்பலாம். இவ்வளவு பெரிய வசதி கையில் இருக்கும்போது, அதை மாவு மில்லில் கொண்டுபோய்க் கோதுமையோடு சேர்த்துக் கெடுப்பது நாம்தான்.

மில்லுக்கே போகாத வழியும் ஒன்று உண்டு. இட்லிக்கு ஊறவைப்பது போல ராகியை ஊறவைத்து வீட்டிலேயே ஈரமாக அரைப்பது. கீழே உள்ள முதல் செய்முறை அதுதான். வாடிக்கையாளர் கேட்டால் சொல்லிக்கொடுங்கள். கூடவே நாலு சாமானும் விற்கும்.

ராகி இனிப்பு அடை

தேவையான பொருட்கள்: ராகி மணி ஒரு டம்ளர், பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் அரை டம்ளர், வெல்லம் 100 கிராம், நன்கு பழுத்த ஏலக்கி வாழைப்பழம் இரண்டு, ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை, சுடுவதற்கு நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய்.

சலித்துக் களைந்த ராகியையும் பச்சரிசியையும் எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து, தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் சேர்த்து நைசாக அரையுங்கள். ராகியின் தோல் நறநறவென்று இருக்கும் என்பதால் அரிசி மாவைவிடக் கூடுதல் நேரம் அரைக்க வேண்டும். வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, மண் போக வடிகட்டி, ஆறிய பின் மாவில் ஊற்றுங்கள். வாழைப்பழத்தைக் கையால் மசித்துச் சேர்த்து உப்பிட்டுக் கலக்குங்கள். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

கல்லை மிதமான தீயில் காயவைத்து எண்ணெய் தடவி, ஒரு கரண்டி மாவை ஊற்றி, தோசை போலத் தேய்க்காமல் உள்ளங்கை அகலத்துக்கு விட்டுவிடுங்கள். மூடி போட்டு இரண்டு மூன்று நிமிடம் வேகட்டும். மேற்புறம் காய்ந்து ஓரம் தானாக எழும்பியதும் திருப்புங்கள். அவசரப்பட்டால் பிய்ந்துவிடும், குளூட்டன் என்ற பசை இல்லாத மாவு அப்படித்தான். அந்தப் பசையின் வேலையை இங்கே வாழைப்பழம் செய்கிறது. தீ அதிகமானால் வெல்லம் கருகிக் கசக்கும்.

ஓட்ஸ் அடை

‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட ஓட்ஸ் ஒரு டம்ளர் எடுத்து, ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாழைப்பழத்தை மசித்து, முக்கால் டம்ளர் தேங்காய்ப்பால், இரண்டு மேசைக்கரண்டி வெல்லப்பொடி, சிட்டிகை உப்பு சேர்த்துக் கலக்குங்கள். பத்து நிமிடம் வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக் கொழகொழப்பாகும். அந்தக் கொழகொழப்புதான் அடையைச் சேர்த்துப் பிடிக்கிறது. மிகவும் இறுகினால் சிறிது தண்ணீர் விடலாம். கடைசியாகக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விட்டுக் கலக்கியதும் மாவு நுரைக்கும். உடனே சிறு சிறு அடைகளாக ஊற்றி, மேலே குமிழ் வெடித்ததும் திருப்பிப் போட்டு எடுங்கள்.

காரம் வேண்டுபவர்கள் வெல்லத்தையும் பழத்தையும் விட்டுவிட்டு, ராகி மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், முருங்கைக்கீரை, உப்பு போட்டு, வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலையில் தட்டிக் கல்லில் போடலாம். இது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து இருப்பதுதான். மாவு, முன் சொன்னபடி சலித்துக் களைந்து நிழலில் உலர்த்திய மணியை வீட்டிலேயே பொடித்ததாக இருக்க வேண்டும். சப்பாத்தி சுட்ட கல்லிலும் சப்பாத்தி மாவு பிசைந்த தட்டிலும் இவற்றைச் செய்யக் கூடாது. தனிக் கல், தனிக் கரண்டி வேண்டும்.

பால் சேராதவர்கள்

சீலியாக் நோயில் குடலின் உட்சுவர் சிதைவதால், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தியும் சிலருக்குக் குறைந்துவிடுகிறது. குடல் தேறியதும் பலருக்கு அது திரும்பிவிடும். இவர்கள் ஒரு வகை. பாலின் புரதமே ஒவ்வாதவர்கள் வேறு வகை. இவர்களுக்கு நெய், வெண்ணெய்கூட ஆபத்தாகலாம். ‘பால் ஆகாதா, அப்படியானால் நெய் வாங்குங்கள்’ என்று நாமாகச் சொல்லிவிடக் கூடாது.

நம் கடையிலேயே பாலை ஒளித்து வைத்திருக்கும் சரக்கு உண்டு. சில தேங்காய்ப்பால் பவுடர்களில் கேசினேட் என்ற பால் புரதம் சேர்க்கிறார்கள். பெயரில் தேங்காய் இருப்பதால் பாலே இல்லை என்று நாமும் நம்பிவிடுகிறோம். பாக்கெட்டில் கேசின், வே, பால் திடப்பொருள் என்ற சொற்கள் இருந்தால் அது பால்தான். தேங்காயை உடைத்துத் திருகிப் பிழிந்த பாலில் இந்தத் தொல்லை இல்லை.

பாலை விட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்று தாய்மார்கள் கவலைப்படுவார்கள். 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 120. ராகியில் இருப்பது அத்தனையும் உடலில் சேர்ந்துவிடாது என்றாலும், அரிசி, கோதுமை இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது.

பெயரைப் பார்த்து ஏமாறும் சரக்குகள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் கடை அலமாரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படித்தோம். படித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பார்த்தோம்.

கட்டிப் பெருங்காயமும் தூள் பெருங்காயமும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்த கூட்டுப் பெருங்காயம். அரிசி மாவு சேர்த்த வகையும் கிடைக்கிறது. தேடி வாங்கி வைக்க வேண்டும். ராகி சேமியா சிலவற்றில் மைதா இருக்கிறது. ராகி பிஸ்கட்டில் ராகியைவிட மைதா அதிகம். பல்தானிய ஆட்டாவில் முதல் தானியமே கோதுமை. உடனடி ராகி தோசை மாவில் கோதுமையோ ரவையோ சேர்ப்பவர்கள் உண்டு. ‘மால்ட்’ என்று பெயருள்ளவற்றில் ராகியை முளைகட்டிச் செய்தது வேறு. பார்லியை முளைகட்டிச் செய்தது வேறு. பின்னதில் குளூட்டன் இருக்கிறது.

இவையெல்லாம் கலப்படம் அல்ல. சட்டப்படி அச்சிட்டுத்தான் விற்கிறார்கள். 2020-ல் வந்த லேபிள் விதிகளின்படி கோதுமை, பார்லி, ஓட்ஸ், பால், வேர்க்கடலை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருட்கள் இருந்தால் பாக்கெட்டில் தனியாகக் காட்ட வேண்டும். நாம்தான் படிப்பதில்லை. படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் நம் வாய்ச்சொல்லை நம்பி வாங்குகிறார் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

சொந்தமாக மாவு அரைத்துப் பாக்கெட் போடும் நண்பர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்காமல் ‘குளூட்டன் இல்லாதது’ என்று லேபிள் ஒட்டாதீர்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வரி விஷயமும் தெரிந்திருக்கட்டும்: எடையில் 70 சதவீதமாவது சிறுதானியம் உள்ள மாவுக் கலவைக்கு, உதிரியாக விற்றால் வரி இல்லை, லேபிளிட்ட பாக்கெட்டாக விற்றால் 5 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் 2023 அக்டோபரில் முடிவு செய்தது.

கடையில் செய்யக் கூடியவை

பெரிய முதலீடு ஒன்றும் வேண்டியதில்லை. எங்கள் கடையில் செய்திருப்பதைச் சொல்கிறோம்.

ராகியை மணியாகவே சலித்துச் சுத்தம் செய்து, அரை கிலோ, ஒரு கிலோ என்று மூடி ஒட்டிய பாக்கெட்டில் வைத்திருக்கிறோம். பாக்கெட் போடும் வேலையை, கோதுமை மூட்டையோ மைதாவோ பிரிக்காத நாளில் காலையில் முதல் வேலையாகச் செய்கிறோம். பழைய கோதுமைச் சாக்கில் ராகி வாங்குவதில்லை. மண்டியிலேயே கேட்டு வேறு சாக்கில் போட்டு வாங்குகிறோம்.

ராகி மாவு, அரிசி மாவு டப்பாக்கள் மேல் தட்டில்; ஆட்டா, மைதா, ரவை கீழ்த் தட்டில். தூசு மேலிருந்து கீழேதான் விழும். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் கரண்டி, சங்கிலியில் கட்டியே விட்டோம். பையன்கள் மாறினாலும் கரண்டி மாறாது.

மில்காரரிடமும் பேசினோம். வாரத்தில் ஒரு நாள், கல்லைக் கழற்றித் துடைத்த பிறகு, முதல் அரவையாக எங்கள் ராகியைப் போட ஒப்புக்கொண்டார். முதலில் விழும் இரண்டு கிலோவை மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிடுகிறோம். இவ்வளவு செய்தும் அந்த மாவைச் சீலியாக் நோயாளிக்கு நாங்கள் விற்பதில்லை. மில்லின் சுவரிலும் காற்றிலும் கோதுமைத் தூசு இருக்கத்தான் செய்கிறது. கால் கிராம் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தத் துணிச்சல் எங்களுக்கு வரவில்லை.

ராகி மாவு டப்பாவின் மேல் ஒரு அட்டை எழுதி ஒட்டினோம்: ‘இந்த மாவு கோதுமையும் அரைக்கும் மில்லில் அரைத்தது. கோதுமை ஆகாதவர்கள் ராகியை மணியாக வாங்கவும்.’

அட்டை ஒட்டிய புதிதில் மாவு வியாபாரம் குறையத்தான் செய்தது. ‘உங்க மாவுல ஏதோ கோளாறாமே’ என்று கேட்டவர்களும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர், “வலிய வந்து நாமே எழுதிப் போடணுமா அண்ணா? இதே மில்லுலதானே எல்லாரும் அரைக்கிறோம்?” என்றார். அவர் சொன்னது உண்மைதான். எல்லாரும் அங்கேதான் அரைக்கிறோம். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினோம். குறைந்த வியாபாரம் மெல்லத் திரும்பியது. மணியாக வாங்குகிறவர்களும் சேர்ந்தார்கள்.

அந்த வடமாநிலத்துக்காரரிடம் அன்றைக்கு மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அவர் வேறு கடைக்குப் போயிருந்தால் எங்களால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் போகவில்லை. இப்போது வாரம் ஒரு கிலோ ராகி மணியும், அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் வாங்குகிறார். ராகியை ஊறவைத்து அரைக்க அவர் மனைவிக்கு எங்கள் வீட்டு அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். அன்று அவர் கொண்டுவந்த அந்தப் பாதிப் பொட்டலத்தை நாங்கள் தூக்கி எறியவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறோம். ‘எங்க சரக்குல ஒண்ணும் கிடையாது சார்’ என்று வாய் முந்திக்கொள்ளும்போதெல்லாம் அதை ஒரு முறை பார்த்துக்கொள்கிறோம்.

நண்பர்கள் இந்த வாரமே தங்கள் மாவு டப்பாக்களைத் திறந்து கரண்டிகளை எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். டப்பாவுக்கு ஒரு கரண்டி இல்லையென்றால், வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.